இரவல் பசு

1956, ஜூன் 9

கூட்டுறவுச் சங்கத்தில் இந்த டைரியைக் கொடுத்து, நாற்று விட்ட தேதி, உரம் போட்ட தேதி எல்லாம் எழுதி வையுங்கள், அடுத்த வருடத்துக்கு உதவும் என்றார்கள். இதுவரை மழை, வெயில் தவிர ஒன்றும் எழுதவில்லை. நாளை பசு வருகிறது. இனி எழுத ஏதாவது இருக்கும்.

ஜூன் 10

மலையடிவாரத் திடலுக்குப் போய்ப் பசுவை ஓட்டி வந்தேன்.

எங்கள் சனுகி சமவெளியில் வயல் உண்டு, புல் இல்லை. வருடம் முழுக்க ஒரு மாட்டைக் கட்டித் தீனி போட எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. மலைக்கு அந்தப் பக்கம் ஆவாவில் புல் உண்டு, வயல் இல்லை. அதனால் தாத்தா காலத்திலிருந்தே கோடை நடவுக்கு ஒரு தடவை, நவம்பரில் பார்லி விதைப்புக்கு ஒரு தடவை, அவர்கள் மாடுகள் கணவாய் தாண்டி எங்களிடம் வரும். உழுது முடித்ததும் கூலியாக அரிசியை அந்த மாட்டின் முதுகிலேயே ஏற்றி அனுப்பிவிடுவோம். எழுத்து, கையொப்பம் எதுவும் கிடையாது. ஒரு வீட்டு மாடு ஒரு வீட்டுக்குத்தான் வரும். அதை இன்னொருவர் ஏரில் பூட்டக் கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு.

எங்கள் வீட்டுக்கு வரும் பசு கிகு. இதுவரை அதை ஓட்டி வந்தவர் போன குளிர்காலத்தில் மரம் வெட்டும்போது அடிபட்டு இறந்துபோனார். இந்த முறை அவர் மனைவி ஷிகேனோ வந்திருந்தாள். மாட்டின் குளம்புகளில் வைக்கோல் செருப்பு, தன் காலிலும் வைக்கோல் செருப்பு. கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

"இவ சினையா இருக்கா, தொகுஜி-சான். உங்க வயல் மட்டும்னா தாங்குவா. அதுக்கு மேல வேண்டாம். இவளுக்கும் வயசாயிட்டு வருது. இந்தக் கன்னை நம்பித்தான் எங்க வீடு இருக்கு. மாடு இல்லாத வீடுன்னு ஆயிட்டா மலையில எங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல."

"எங்க வீட்டுக்கு வந்த மாட்டுமேல இதுவரைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல. நீங்க நிம்மதியாப் போங்க," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

ஜூன் 13

மேல் வயல் உழுது முடிந்தது. கிகுவை அதட்டவே வேண்டியதில்லை. வரப்பு வந்தால் தானே திரும்புகிறாள். என் மனைவி ஃபுசாயே பார்லியை வேகவைத்து, புளித்த சோயா விழுதான மிசோவைக் கரைத்து, முதலில் தொழுவத்துக்குத்தான் கொண்டு போகிறாள். எனக்கு வரும் கிண்ணத்தில் மிசோவைத் தேட வேண்டியிருக்கிறது. சொன்னேன். "நீங்க சினையா இருந்தா உங்களுக்கும் தர்றேன்," என்றாள்.

ஜூன் 16

கீழ் வயலும் முடிந்தது. பரம்படித்துத் தண்ணீருக்காகக் காத்திருக்கிறோம். ஃபுசாயே தொழுவத்தில் புது வைக்கோல் பரப்பினாள். கிகுவின் கழுத்தில் நுகம் உரசிய இடத்தில் எண்ணெய் தடவினாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல நாள்.

ஜூன் 17

ஒகுமுரா-சான் வந்தார். எங்கள் ஊர்க் குளத்துக்கு நீர்முறை பார்ப்பவர் அவர்தான். சனுகியில் மழை எப்போதும் கஞ்சத்தனம் செய்யும். அதனால் ஒருவர் வயலுக்கு எவ்வளவு நேரம் மடை திறப்பது என்பதற்கு ஊதுபத்திதான் கணக்கு. உங்கள் பத்தி எரிந்து முடிந்தால் உங்கள் தண்ணீர் முடிந்தது. அந்தப் பத்தியை ஏற்றுவது ஒகுமுரா-சான் கை.

"குளத்துல தண்ணி குறைச்சலாத்தான் இருக்கு, தொகுஜி," என்று ஆரம்பித்தார். பிறகு தன் மாட்டுக்குக் குளம்பு அழுகிவிட்டது என்றார். பிறகு, "கிகு சும்மாத்தானே நிக்கிறா? ரெண்டு நாள் குடுத்தா என் பள்ள வயலை முடிச்சுடுவேன்," என்றார்.

தண்ணீரைப் பற்றி முதலில் பேசிவிட்டு மாட்டைப் பற்றிப் பிறகு கேட்டால் என்ன அர்த்தம்? எனக்குப் புரிந்தது. கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

அவர் போன பிறகு ஃபுசாயே, "சினைன்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள். மாடு பார்த்துப் பழகியவர், அவருக்கே தெரியும் என்றேன். இத்தனை மாதச் சினையில் வயிறு வெளியே தெரியாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இதைப் பற்றி மேலே பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 18

கிகு அங்கே போயிருக்கிறாள். கொசு அதிகம்.

ஜூன் 19

அந்தப் பக்கமாக ஒரு வேலை இருந்ததால் ஒகுமுராவின் பள்ள வயல் வழியாகப் போனேன். முழங்காலுக்கு மேல் சேறு. ஓட்டியவன் அவருடைய கூலியாள். வெளியூர்க்காரன், மாட்டை அடிக்கத் தயங்காதவன். வரப்பில் நின்று பார்த்தேன். கிகு ஒரு தடவை நின்றாள். அவன் அடித்தான், நடந்தாள். ஏதாவது சொல்லலாமா என்று தோன்றியது. அவன் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான், நானும் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 20

கிகு திரும்பி வந்தாள். தீனி எடுக்கவில்லை. வெயில்தான் காரணம்.

ஜூன் 21

விடியும்போது தொழுவத்தில் அது நடந்துவிட்டது. ஃபுசாயேதான் பார்த்தாள். நான் எழுந்து போவதற்குள் வைக்கோலில் சுற்றி எடுத்துக்கொண்டு குளத்து மேட்டுப் பக்கம் போய்விட்டாள். கூடப் போகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தொழுவத்தைக் கழுவ ஒருவர் வேண்டுமே. கழுவினேன். கிகு என் பக்கம் திரும்பவில்லை. மாடு யார் பக்கம் திரும்புகிறது என்பதிலெல்லாம் அர்த்தம் தேடுகிறவன் இல்லை நான்.

வெயில் காலத்தில் மாடுகளுக்கு இப்படி ஆவது உண்டு. பல இடங்களில் கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஃபுசாயே வெகு நேரம் கழித்து வந்தாள். கைகளில் மண். ஒன்றும் கேட்கவில்லை நான். தாத்தா காலத்தில் உழுத மாடு செத்தால் புதைத்த இடத்தில் ஒரு கல் நட்டு பூ வைப்பார்கள். பிறக்காததற்கு என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

ஜூன் 25

இன்று எங்கள் தண்ணீர் முறை. ஒகுமுரா-சான் பத்தியை ஏற்றி மணலில் நட்டார். மடை அருகே மண்வெட்டியோடு நின்றுகொண்டு நான் தண்ணீரைப் பார்க்காமல் பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் எரிந்த பத்திகளைவிட நீளமும் இல்லை, குட்டையும் இல்லை. போன வருடம் எப்படியோ அப்படியேதான்.

அவர் என்னை மிரட்டவே இல்லை போலிருக்கிறது. குளத்தில் தண்ணீர் குறைவு என்று சொன்னது, குளத்தில் தண்ணீர் குறைவாக இருந்ததால்தான். நான் மாட்டைத் தரமாட்டேன் என்றிருந்தால் வேறு வீட்டில் கேட்டிருப்பார். வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் தாராளமாகப் பாய்ந்தது.

ஜூலை 3

நடவு முடிந்து கிகுவைத் திருப்பி அனுப்பும் நாள். வழக்கமாகக் கொடுக்கும் அரிசியோடு இன்னொரு மூட்டையும் சேர்த்து ஏற்றினேன். எங்கள் வீட்டுக்கு வைத்திருந்ததில் எடுத்தது. அப்படி ஏற்றியபோதுதான் இத்தனை நாளில் கொஞ்சம் மனசு லேசானது.

ஃபுசாயே தொழுவ வாசலில் நின்று பார்த்தாள். "அந்த மூட்டை எதுக்கு?"

"இருக்கட்டும். பாவம், புருஷன் இல்லாத வீடு."

"நீங்க குடுக்கறதை மலைமேல தூக்கிட்டுப் போறது யாரு?" என்றாள்.

அதை நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. கிகு இளைத்திருந்தாள். சேணத்துக்குக் கீழே எலும்பு தெரிந்தது. மூட்டையை இறக்கலாம்தான். இறக்கினால் ஏன் ஏற்றினேன், ஏன் இறக்கினேன் என்று இரண்டையும் சொல்ல வேண்டிவரும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திடலில் ஷிகேனோ மூட்டைகளைப் பார்த்தாள். "அதிகமா இருக்கே?"

"நல்லா உழைச்சா," என்றேன்.

அவள் கிகுவின் வயிற்றுப் பக்கம் கையை வைத்து நின்றாள். பிறகு என்னைப் பார்த்துக் குனிந்து நன்றி சொன்னாள். இந்தக் காலத்தில் இப்படி யார் செய்வார்கள் என்றாள். நான் அவளைவிட அதிகமாகக் குனிந்தேன். நிமிர்ந்தபோது இருவரும் பாதையில் ஏற ஆரம்பித்திருந்தார்கள். கிகுவின் கால் இரண்டு இடத்தில் வழுக்கியது.

ஜூலை 4

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 22

களை எடுத்தோம். வேலை செய்யும்போது ஒரு யோசனை வந்தது. இலையுதிர் காலத்தில் கன்று தெரியாதபோது, சினை நிற்கவில்லை என்று அவளே முடிவு செய்துகொள்வாள். பல பசுக்களுக்கு நிற்பதில்லை. யார் மீதும் குற்றம் வராது. இந்த யோசனை வந்ததும் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். பிற்பகலில் களையோடு சேர்த்து நெற்பயிரையும் பிடுங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 17

கோடைப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்த முன்னோர்களின் ஆவிகளை வழியனுப்பி வைத்தாயிற்று. ஃபுசாயே தன் சித்தி வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பினாள். கடற்கரைக் கிராமத்துச் சித்தி வீட்டுக்குப் போகிறவள் எதற்குக் கெட்டியான வைக்கோல் செருப்பு இரண்டு ஜோடி எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 19

திரும்பி வந்தாள். பாதத்தில் கொப்புளம். கால்சட்டை ஓரத்தில் செம்மண். சித்தி கொடுத்ததாகச் சொல்லி, கொன்னியாக்குக் கிழங்கு மாவில் செய்த கட்டி ஒன்று கொண்டுவந்து வெட்டிக் குழம்பில் போட்டாள். கொன்னியாக்குக் கிழங்கு மலையில்தான் விளையும். கடற்கரைச் சித்திக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள்.

ருசியாக இருந்தது.

செப்டம்பர் 8

ஒகுமுரா-சான் வேலிக்கு வெளியிலேயே நின்று கூப்பிட்டார். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை.

"அந்தப் பசு சினையாமே. உன் வீட்டுக்காரம்மா சொன்னா."

நான் வைக்கோலைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டிய கட்டையே அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேனேப்பா. ஏன் சொல்லல?"

என்ன சொல்வது? உங்கள் பத்தியைப் பார்த்துப் பயந்தேன் என்றா? இத்தனை வயதில் ஓர் ஊதுபத்திக்குப் பயந்தேன் என்றா? "மறந்துட்டேன்," என்றேன். அவர் திரும்பிப் போனார். திட்டியிருக்கலாம். திட்டாமல் போனது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

செப்டம்பர் 11

காலையில் ஒகுமுரா-சான் முதுகில் அரிசி மூட்டையோடு தெரு வழியாகப் போனார். அந்த வயதில் மூட்டை சுமக்க அவருக்கு என்ன வந்தது? மகள் வீட்டுக்குப் போகிறாராம். அப்படித்தான் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மகளைக் கொடுத்தது வடக்கே, கடல் பக்கம். அவர் தெற்கே மலையைப் பார்த்து நடந்தார். வழியில் வேறு வேலை இருக்கும்.

அக்டோபர் 3

மாட்டுத் தரகன் வந்து உட்கார்ந்து தேநீர் குடித்தான். மோட்டார் வைத்த உழவு இயந்திரம் பக்கத்து ஊரில் வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச காலத்தில் மலை மாடு எதுவும் இந்தப் பக்கம் இறங்காது என்றான். இனி மாடென்றால் கறிதான் என்றான். தாத்தா உயிரோடு இருந்திருந்தால் இவனை எழுப்பி அனுப்பியிருப்பார்.

"உங்க வீட்டுக்கு வருமே கிகு, அதுக்குச் சினை தங்கலையாம். வயசான மாடு. மலடு தட்டிடுச்சுன்னு அங்க எல்லாரும் சொல்றாங்க. கன்னும் இல்லாம அதையும் லாரியில ஏத்திட்டா அந்தம்மா கொட்டில் காலிதான்."

அது மலடில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் ஃபுசாயே இருந்தாள். எனக்காகவே காத்திருப்பவள் போல் கெண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஊற்றாமல் நின்றாள். நான் தரகனிடம் இந்த வருட அரிசி விளைச்சலைப் பற்றிப் பேசினேன். அவள் தேநீரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அக்டோபர் 20

அறுவடை. நல்ல விளைச்சல். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நவம்பர் 8

திடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஷிகேனோவே கிகுவை ஓட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். இதுவரை அந்த வீட்டிலிருந்து யாரும் அப்படி வந்ததில்லை. கிகு கொஞ்சம் தேறியிருந்தாள்.

ஷிகேனோ கயிற்றை வாசல் கம்பத்தில் கட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு திண்ணை விளிம்பில் உட்கார்ந்தாள். ஃபுசாயே தேநீர் கொண்டுவந்தாள். இருவரும் பழகியவர்கள் போல் தலையசைத்துக்கொண்டார்கள்.

"கோடையில இவ உங்க வயலை மட்டும்தானே உழுதா, தொகுஜி-சான்?"

"எங்க வயல் மட்டும்தான்."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருந்தாளா?"

"நல்லா இருந்தா. கிளம்பற அன்னிக்குக்கூட நல்லா தின்னா."

"சினை நிக்கல."

"அப்படியா," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. "வயசாயிடுச்சு இல்லையா. அந்த ஏத்தத்துல சுமையோட போனதும் ஒத்துக்காம இருந்திருக்கலாம். மாட்டுச் சமாச்சாரம், யார் என்ன சொல்ல முடியும்?"

நான் ஏற்றிய சுமையை நானே காரணமாகக் காட்டுகிறேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஃபுசாயே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஷிகேனோ தேநீரை முழுதும் குடித்தாள். கிண்ணத்தைக் கவனமாகக் கீழே வைத்தாள். "இந்தத் தடவை இவளை ஒகுமுரா-சான் கேட்டிருக்காரு. அங்கதான் விடப்போறேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போறதுதான் முறை," என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கிகுவைத் திருப்பினாள்.

தெருவில் அவர்கள் நடந்துபோவது வெகு தூரம் வரை தெரிந்தது. உள்ளேயிருந்து ஃபுசாயே, "இன்னும் குளத்தைத் தாண்டல. இப்பப் போனாலும் பிடிச்சுடலாம்," என்றாள்.

செருப்பைத் தேடினேன். அது என் கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது. மாட்டிக்கொண்டு ஓடினேன். குளக்கரையில் அவர்களைப் பிடித்துவிட்டேன். ஷிகேனோ நின்றாள். கிகுவும் நின்றாள். மூச்சு வாங்கியது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

"கயிறு... முடிச்சு சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"சரியாத்தான் இருக்கு," என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நடந்தாள்.

எழுதுவது எவ்வளவு சுலபம் என்று பார்க்கிறேன். கிகு சினை என்று தெரிந்தே ஒகுமுராவின் பள்ள வயலுக்கு அனுப்பினேன். அடிக்கிறான் என்று பார்த்தும் பேசாமல் வந்தேன். கன்று கலைந்தது. மறைத்தேன். இத்தனை மாதமாக இந்த டைரியில்கூட நான் இதை இப்படி எழுதவில்லை.

நவம்பர் 9

சொல்லிவிட்டேன்.

ஷிகேனோ இரவு ஒகுமுரா-சான் வீட்டில் தங்கியிருந்தாள். காலையில் நான் போனபோது முற்றத்தில் கிகுவுக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒகுமுரா-சான் ஏருக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் மண்டியிட்டுக் கையைத் தரையில் ஊன்றி, நேற்று எழுதியதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தையும் பூசி மெழுகவில்லை. சொல்லி முடித்ததும், இனி அவள் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம்கூட வந்தது. திட்டட்டும், துப்பட்டும் என்று குனிந்தே இருந்தேன்.

தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை.

"கன்னு கிடேரியா, காளையா?" என்று கேட்டாள்.

நிமிர்ந்தேன். எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை. அன்றைக்கு வைக்கோலைப் பிரித்துப் பார்க்கவில்லை, அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. இவ்வளவு வெட்கப்பட்டேனே, அது எல்லாமே என்னைப் பற்றித்தான் இருந்திருக்கிறது.

"தெரியாது," என்றேன்.

ஒகுமுரா-சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷிகேனோ, "சரி, எழுந்திருங்க. தரை ஈரமா இருக்கு," என்றாள். கிகுவின் மறுபக்கம் போய்த் தேய்க்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வராமல் நேராக வயலுக்கு வந்தேன். ஃபுசாயே தனியாக மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தாள். மாடில்லாத வயலில் பார்லி போட இனி அதுதான் வழி. வரப்பில் நின்றுகொண்டே கேட்டேன்.

"அன்னிக்கு... அது கிடேரியா, காளையா?"

கொத்துவதை நிறுத்தினாள். "கிடேரி," என்றாள். "பூனை அளவு இருந்துச்சு. குளம்பெல்லாம் மெத்துனு இருந்துச்சு."

"ஷிகேனோ-சான் கேட்டாங்க. போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

"அவங்களுக்குத் தெரியும்," என்றாள் ஃபுசாயே. "ஆகஸ்ட்லயே நான் போய்ச் சொல்லிட்டேன்."